நினைவகப் பங்கீடும் நிரல் நூலகத்தின் பொறுப்பும்

தில்லி மாநகரின் தென்மேற்குப் பகுதியிலுள்ள இராமகிருஷ்ணபுரம் மத்திய அரசு ஊழியர்களுக்கென எழுந்த பெரிய குடியிருப்புகளுள் ஒன்றாகும். பல செக்டர்களாகப் பிரிந்து கிடக்கும் அவ்விடத்தில் வீடுகள் வகை வகையாகக் கட்டப்பட்டுள்ளன. ஊழியரின் ஊதிய நிலைக்கேற்ப வீட்டின் வகை அமைகிறது. மாற்றலாகிச் செல்பவர் வீட்டை ஒப்படைக்கிறார். காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவர் அதனைப் பெறுகிறார். ‘அலாட்மெண்ட்’ என்னும் சொல் அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்ட ஒன்று. கணிப்பொறியின் நினைவகத்துள் ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை நிகழ்வதும் ஏறத்தாழ இதே காரியம்தான்.

அக்குடியிருப்புக்கும் கணிப்பொறிக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. மத்திய அரசின் புள்ளியியல் துறைக்கென 1967-இல் தோன்றிய கணிப்பொறி மையம் இராமகிருஷ்ணபுரத்தின் கிழக்கு பிளாக்கில் பல ஆண்டுகள் பணியாற்றி வந்தது. ஹனிவெல் 400 என்னும் இயந்திரங்களைக் கொண்டு அம்மையம் தன் பணியைத் தொடங்கிற்று. அவ்வகை இயந்திரங்களின் நினைவகம் சில ஆயிரம் சொற்களை மட்டுமே கொள்ளக்கூடியது. எந்தத் தகவல் எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதை நிரல் எழுதுவோர் முன்கூட்டியே கணக்கிட்டுத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இன்றைய இயந்திரங்களில் நினைவகம் பல கோடி மடங்கு வரை பெருகிவிட்டது. பங்கீட்டுப் பொறுப்பும் நிரல் எழுதுவோரின் கையைவிட்டு, ஒதுக்கீட்டாளர் எனப்படும் தனி நிரலிடம் சென்றுவிட்டது. இவ்வசதி பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும், கணக்கிடும் வழக்கமும் அதனோடு சேர்ந்தே மறைந்து வருவது நன்மையன்று. சிறிய கருவிகளில், மனித நடமாட்டம் குறைந்த இடங்களில் இயங்க வேண்டிய நிரல் நூலகங்களுக்கேனும் அவ்வழக்கம் மீண்டும் வந்தாக வேண்டும்.

ஒதுக்கீட்டாளரின் கடமை

சி மொழியில் எழுதப்பட்ட நிரல் ஒன்றிற்கு இயங்கும்போது இடம் தேவைப்பட்டால், அது மாலாக் என்னும் செயலை அழைத்து இத்தனை பைட் வேண்டும் எனக் கேட்கிறது. இடம் இருந்தால் அதன் முகவரி கிடைக்கிறது. இல்லையேல் வெற்று முகவரி திரும்பி வருகிறது. வேலை முடிந்ததும் ஃபிரீ என்னும் செயலின் வாயிலாக இடத்தைத் திருப்பித் தருவது நிரலின் கடமை. இவ்விரு செயல்களுக்கும் பின்னால் காலியிடங்களின் பட்டியலும், ஒவ்வொரு துண்டின் அளவைக் குறித்து வைக்கும் சிறு தலைப்பும், அடுத்தடுத்துள்ள காலித் துண்டுகளை ஒன்றாக்கும் முறையும் இயங்குகின்றன.

கெர்னிகன், ரிச்சி ஆகிய இருவரும் 1978-இல் வெளியிட்ட சி மொழி நூலின் எட்டாம் அத்தியாயத்தில் இத்தகைய ஒதுக்கீட்டாளர் ஒன்று சில பக்கங்களிலேயே முழுமையாக எழுதிக் காட்டப்பட்டுள்ளது. அதற்குப் பின் இத்துறை வெகுவாக வளர்ந்தது. டக் லீ என்பார் 1987-இல் தொடங்கிய ஒதுக்கீட்டாளரின் வழிவந்ததே லினக்ஸ் அமைப்புகளில் பரவலாக உள்ள குனூ சி நூலகத்தின் ஒதுக்கீட்டாளர். ஒரே அளவுள்ள பொருள்களுக்கெனத் தனித்தனிப் பலகைகளை முன்கூட்டியே அமைத்து வைக்கும் முறையை ஜெஃப் பான்விக் 1994-இல் சன் நிறுவனத்தின் இயக்க அமைப்பிற்காக வகுத்தார். பல செயலிகள் ஒரே நேரத்தில் இடம் கேட்கும் நிலைக்கு ஏற்றதாக ஜேசன் எவன்ஸ் 2005-இல் ஜெமாலாக்கை உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019-இல் மிமாலாக்கை வெளியிட்டது.

இவை யாவும் வியக்கத்தக்க படைப்புகளே. ஆனால் இவற்றின் போட்டி பெரும்பாலும் வேகத்தைப் பற்றியது. சராசரியாக எவ்வளவு இடம் வீணாகிறது என்பதைப் பற்றியது. பெரிய சேவைக் கணிப்பொறிகளுக்குச் சராசரி போதும். மலைமேல் நிறுவப்பட்ட மழைமானிக்குச் சராசரி போதாது. மிக மோசமான நாளில் என்ன நிகழும் என்பதே அங்குள்ள கேள்வி.

இடம் இருந்தும் இல்லாத நிலை

மிக மோசமான நாள் எவ்வாறு வருகிறது என்பதை ஒரு கட்டத்தாளும் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும் கொண்டு விளக்கிவிடலாம். அறுபத்து நான்கு கட்டங்களை ஒரே வரிசையில் வரைந்து, ஒவ்வொன்றையும் 16 பைட் எனக் கொண்டால் மொத்தம் 1024 பைட் ஆகும். எட்டு மாணவர் ஆளுக்கு எட்டுக் கட்டங்கள் கேட்டுக் கொட்டைகளை அடுக்கட்டும். தாள் நிரம்பிவிடும். பின்னர் ஒருவர் விட்டு ஒருவராக நால்வர் தம் கொட்டைகளை எடுத்துக்கொள்ளட்டும். இப்போது சரிபாதி, அதாவது 512 பைட், காலியாக உள்ளது. ஆயினும் ஒன்பது கட்டங்களைச் சேர்ந்தாற்போல் கேட்கும் அடுத்த மாணவருக்கு இடமில்லை. காலியிடம் உண்டு, அது எட்டெட்டாகச் சிதறிக் கிடக்கிறது. இதுவே வெளிச்சிதறல் எனப்படுவது.

குடியிருப்பவர்களை நகர்த்தி இடத்தை ஒன்றாக்கலாகாதா என்னும் கேள்வி வகுப்பில் உடனே எழும். சி மொழியில் அது இயலாது. கொடுத்த முகவரியை நிரல் எங்கெங்கே குறித்து வைத்திருக்கிறது என்பதை ஒதுக்கீட்டாளர் அறியாது. முகவரியை அறிவிப்பின்றி மாற்றினால் வரும் கடிதங்கள் எல்லாம் வேறு வீட்டிற்கே போய்ச் சேரும்.

இதற்கு மாறாக, இராமகிருஷ்ணபுரத்து வீடுகளைப்போல வகைப்படுத்திக் கொடுத்தால் சிதறல் குறைகிறது. ஆனால் வேறொரு வீண் தோன்றுகிறது. இரண்டின் அடுக்குகளாக, அதாவது 16, 32, 64, 128, 256 என்ற அளவுகளிலேயே இடம் தரும் முறையில், 130 பைட் கேட்பவருக்கு 256 தர வேண்டியுள்ளது. 126 பைட் பூட்டிய அறையாகக் கிடக்கிறது. இது உட்சிதறல். ஒதுக்கீட்டாளரை வடிவமைப்பது என்பது இவ்விரு வீண்களுள் எதனை எந்த அளவிற்கு ஏற்பது என்று தீர்மானிப்பதேயாகும்.

ராப்சன் காட்டிய எல்லை

இத்தீர்மானத்திற்கு உறுதியான கணித அடிப்படை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜே. எம். ராப்சன் என்னும் ஆய்வாளர் 1970-களில் வெளியிட்ட கட்டுரைகளில், கொடுத்த துண்டை நகர்த்தாத எந்த ஒதுக்கீட்டாளருக்கும் மிக மோசமான நிலையில் எவ்வளவு இடம் தேவைப்படும் என்பதை ஆராய்ந்தார். கோரிக்கைகள் யாவும் இரண்டின் அடுக்குகளாக இருக்கையில் கிடைக்கும் விடை எளிமையானது. ஒரே நேரத்தில் பயன்பாட்டில் இருக்கக்கூடிய மிகுதியான இடத்தை, மிகச் சிறிய துண்டை அலகாகக் கொண்டு அளக்க வேண்டும். மிகப் பெரிய துண்டு அந்த அலகைப்போல் எத்தனை மடங்கு என்பதையும் அறிய வேண்டும். அம்மடங்கு இரண்டின் எத்தனையாவது அடுக்கோ அதில் பாதியோடு ஒன்றைக் கூட்டி, மிகுதியான பயன்பாட்டால் பெருக்கி, மடங்கைக் கழித்து, ஒன்றைச் சேர்த்தால் போதுமான இடத்தின் அளவு வந்துவிடும்.

ஓர் உதாரணம் காணலாம். நிரல் ஒன்று ஒரே நேரத்தில் 8 கிலோபைட்டுக்கு மேல் பயன்படுத்துவதில்லை என்க. மிகச் சிறிய துண்டு 16 பைட். மிகப் பெரியது 512 பைட். பயன்பாடு 512 அலகு, மடங்கு 32, அது இரண்டின் ஐந்தாம் அடுக்கு. ஐந்தில் பாதியோடு ஒன்றைக் கூட்ட 3.5, அதனை 512-ஆல் பெருக்க 1792, 32-ஐக் கழித்து ஒன்றைக் கூட்ட 1761 அலகு, அதாவது 28,176 பைட். எட்டுக் கிலோபைட் வேலைக்கு ஏறத்தாழ இருபத்தெட்டுக் கிலோபைட் ஒதுக்கி வைத்தால், எந்த வரிசையில் கேட்டாலும் திருப்பினாலும் அந்த நிரலுக்கு இடமில்லை என்ற நிலை வரவே வராது.

மிகப் பெரிய துண்டை 64 பைட்டாகக் குறைத்துவிட்டால் மடங்கு நான்காகிறது. தேவை 16,336 பைட்டாக இறங்குகிறது. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவாயின், தேவை அதே 8 கிலோபைட்டுதான்; ஒரு பைட்டும் கூடுதலாக வேண்டியதில்லை. அளவுகளில் பன்மை கூடக் கூட இடத்தின் விலை ஏறுகிறது என்பதே இதன் பாடம். நூலகத்தை வடிவமைப்பவர் முதலில் சீர்திருத்த வேண்டியது ஒதுக்கீட்டாளரையன்று, நூலகம் கேட்கும் அளவுகளையே என்பதும் இதனால் பெறப்படும்.

கசிவும் களப் பணியாளரும்

சிதறலினும் கொடியது கசிவு. பெற்ற இடத்தைத் திருப்பித் தர மறப்பதே கசிவாகும். அளவி ஒன்று கால் மணிக்கொரு முறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்கிறது என்க. ஒவ்வொரு பதிவிலும் வெறும் நான்கு பைட் திரும்பாமற் போனால், ஒரு நாளைக்கு 96 பதிவுகளில் 384 பைட் மறைகிறது. பள்ளிகளில் பழக்கமான அர்டுயினோ ஊனோ பலகையின் நினைவகம் 2 கிலோபைட். அதில் பாதி காலியாக இருந்தால் மூன்றாம் நாளே கருவி நின்றுவிடும். பிழையும் உடனே கண்டுபிடிக்கப்படும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய தேஜஸ்32 சில்லில் 256 கிலோபைட் உள்ளது. அதில் பாதி காலி எனில் அதே கசிவு 341 நாள் வரை வெளிப்படாது. ஆய்வகத்தில் ஒரு வாரம் சோதித்துத் தேர்ச்சி பெற்ற கருவி, பதினொரு மாதம் கழித்து அடைமழை நாளில் நிற்கிறது. நினைவகம் பெருகியதால் பிழை நீங்கவில்லை. அது கண்டுபிடிப்போரின் கையிலிருந்து களப் பணியாளரின் தலைக்கு மாறியது.

களப் பணியாளர் பெரும்பாலும் கருவியை அணைத்து மீண்டும் இயக்குகிறார்; கருவி ஓடத் தொடங்குகிறது; பதிவேட்டில் ‘சரி செய்யப்பட்டது’ என எழுதப்படுகிறது. அணைத்தவுடன் நினைவகம் முழுதும் காலியாவதால் கருவி ஓடுகிறதேயன்றி, நோய் தீர்ந்ததால் அன்று. கடைசியாக இயக்கிய நாளையும் நின்ற நாளையும் குறித்து வைத்தால் அதுவே அரிய சான்றாகும். இடைவெளி ஏறத்தாழச் சமமாக இருப்பின் கசிவை ஐயுற வேண்டும். ஒழுங்கின்றி மாறுமாயின் சிதறலையோ, மின்சாரக் கோளாற்றையோ ஆராய வேண்டும். இரண்டு தேதிகளை எழுதும் இச்சிறு உழைப்பு வடிவமைப்பாளருக்குப் பல வாரச் சோதனையை மிச்சமாக்கும்.

நூலகம் ஏற்க வேண்டிய நிபந்தனைகள்

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில், களக் கருவிகளுக்கான சி நூலகம் எதுவும் நான்கு நிபந்தனைகளை ஏற்க வேண்டும் என்பது தெளிவாகிறது. முதலாவது, நூலகம் தனக்குத் தேவையான இடத்தைத் தொடக்கத்திலேயே அழைக்கும் நிரலிடமிருந்து முகவரியாகவும் அளவாகவும் பெற்றுக்கொள்ள வேண்டும். பின்னர் மறைமுகமாக எங்கிருந்தும் எடுக்கலாகாது. இரண்டாவது, அந்த இடத்தை ஒருசில நிலையான அளவுகளாக மட்டுமே பிரித்துப் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, இடம் தீர்ந்தால் வெளிப்படையாக மறுத்து, கையிலுள்ள பதிவுகளைக் காத்து நிற்க வேண்டும். நான்காவது, இதுவரை எட்டிய மிகுதியான பயன்பாட்டைக் கேட்டவுடன் தெரிவிக்க வேண்டும்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை எனச் சொல்வதற்கில்லை. கைப்பேசிகள்தோறும் இயங்கும் எஸ்க்யூலைட் என்னும் தரவு நூலகம், ரிச்சர்ட் ஹிப் என்பாரால் 2000-இல் தொடங்கப்பட்டது. விரும்புவோர் தொடக்கத்திலேயே ஒரு நினைவகப் பரப்பைக் கொடுத்து, அதற்குள்ளேயே அந்நூலகத்தை இயக்கும் வசதி அதில் உண்டு. அந்த ஒதுக்கீட்டாளர் இரண்டின் அடுக்குகளாகவே இடம் தருகிறது. அதன் உறுதிமொழிக்கு ராப்சனின் கணக்கே ஆதாரம். மிகுதியான பயன்பாட்டைத் தெரிவிக்கும் செயலும் அதில் அமைந்துள்ளது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் வெளியிட்ட பத்து விதிகளுள் ஒன்று, தொடக்க நிலை முடிந்தபின் புதிதாக நினைவகம் கேட்கலாகாது என்பது. கோள்களுக்கு அனுப்பும் கலத்திற்குச் சென்று அணைத்து இயக்க ஆளில்லை. தொலைவிலுள்ள மழைமானியின் நிலையும் அதற்கு வெகு தூரமன்று.

மூன்றாம் நிபந்தனை தனியே வலியுறுத்தத்தக்கது. லினக்ஸ் அமைப்பு வழக்கமான ஏற்பாட்டில் கையிருப்பைக் காட்டிலும் மிகுதியான இடத்திற்கும் இசைவு தந்துவிடும். பயன்படுத்தப் புகும்போது இடம் போதாதெனில் ஏதேனும் ஒரு நிரலை நிறுத்திவிடும். கட்டி முடியாத வீட்டிற்கு ஒதுக்கீட்டு ஆணை வழங்குவதை இது ஒக்கும். எதிர்பாராமல் நிற்பதினும் முன்கூட்டியே மறுப்பது மேல்.

இரு மறுப்புகள்

இம்முறை இடத்தை வீணாக்கும் என்பது முதல் மறுப்பு. உண்மையே, எட்டுக்கு இருபத்தெட்டு என்பது தாராளம்தான். ஆனால் அளவுகளைச் சீராக்கினால் அந்த விலை பெரிதும் குறையும் என்பதை முன்னர்க் கண்ட கணக்கே காட்டுகிறது. மேலும், வெளிப்படையாகத் தெரியும் செலவு, என்று வரும் எனத் தெரியாத இழப்பைவிட ஏற்கத்தக்கது.

சி மொழியையே கைவிட்டு, நினைவகப் பாதுகாப்பைத் தாமே பேணும் ரஸ்ட் முதலிய மொழிகளுக்கு மாறலாம் என்பது இரண்டாம் மறுப்பு. இதில் பெரிதும் நியாயம் உள்ளது. வீட்டை ஒப்படைத்த பின்னும் பழைய சாவியால் திறந்து நுழைவது, ஒரே வீட்டை இருமுறை ஒப்படைத்துப் பட்டியலைக் குழப்புவது ஆகியவற்றை ஒத்த பிழைகள் சி நிரல்களில் மிகுதி. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளால் விளைபவை என மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2019-இல் தெரிவித்தனர். புதிய மொழிகள் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கின்றன. ஆனால் சிதறலை அவை தடுப்பதில்லை. இடம் தீர்ந்துபோவதையும் தடுப்பதில்லை. எம்மொழியில் எழுதினாலும் 2 கிலோபைட் 2 கிலோபைட்டே. கணக்கிடும் கடமை அங்கும் நீங்குவதில்லை.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது

மாலாக், ஃபிரீ என்னும் இரு பெயர்களையும் அவற்றின் இலக்கணத்தையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவதோடு இப்பாடம் பல வகுப்பறைகளில் முடிந்துவிடுகிறது. இடம் எங்கிருந்து வருகிறது, யார் கணக்கு வைக்கிறார், தீர்ந்தால் என்ன ஆகும் என்பவை கேட்கப்படுவதே இல்லை. அக்கேள்விகளை அறியாத மாணவரே நாளை களக் கருவிக்கு நிரல் எழுதப் போகிறவர்.

மாற்றுவழி கடினமன்று. முதல் நாள் கட்டத்தாளும் புளியங்கொட்டையும் போதும். இரண்டாம் நாள், 1024 பைட் கொண்ட ஓர் அணியை எடுத்து, அதனை 32 பைட் துண்டுகள் முப்பத்திரண்டாகப் பிரித்து, கொடுக்கவும் வாங்கவும் இரு சிறு செயல்களை மாணவர் தாமே எழுதலாம். காலித் துண்டுக்குள்ளேயே அடுத்த காலித் துண்டின் முகவரியை எழுதி வைத்தால் பட்டியலுக்கெனத் தனி இடமும் தேவைப்படாது. நிரல் ஐம்பது வரிகளைத் தாண்டாது. மூன்றாம் நாள், வேண்டுமென்றே ஒரு கசிவைப் புகுத்தி, எத்தனையாவது கோரிக்கையில் இடம் தீரும் என்பதை முதலில் தாளில் கணக்கிட்டு, பின்னர் இயக்கிப் பார்க்கலாம். கணக்கும் இயந்திரமும் ஒரே எண்ணைச் சொல்லும்போது மாணவர் அடையும் தெளிவை எந்த விளக்கவுரையும் தர இயலாது. அடல் சிந்தனை ஆய்வகங்கள் உள்ள பள்ளிகளில் இதே பாடத்தைச் சிறு பலகைகளில் நேரடியாகவே செய்து காட்டலாம்.

உதாரணங்களை அந்தந்த ஊரிலிருந்தே எடுப்பது நலம். இராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு வீட்டு ஒதுக்கீடு கைவந்த உதாரணம். தஞ்சைப் பகுதி மாணவருக்கு நெல் குதிரும், மதுரை மாணவருக்குப் பேருந்து நிலையத்தின் நிறுத்தங்களும் அதே பயனைத் தரும். எதுவாயினும், யார் கொடுத்தார், யார் திருப்ப வேண்டும், தீர்ந்தால் என்ன செய்வது என்னும் மூன்று கேள்விகளையும் தவறாது கேட்கும் பழக்கமே முக்கியம்.

பெருகிய நினைவகம் நம்பிக்கையைத் தரலாம், கணக்கைத் தராது. நூலகத்தை எழுதுவோர் எல்லையை முதலில் அறிவித்து, ஆசிரியர் அதனைக் கணக்கிடக் கற்பித்து, களப் பணியாளர் நின்ற நாளைக் குறித்து அனுப்புவாராயின், அடைமழை நாளில் பதிவின்றி நிற்கும் கருவிகளின் எண்ணிக்கை குறையும் என்பதில் ஐயமில்லை.